பியூசி கணிதத்தில் 47: பெங்களூரில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கலாமா?

கேள்வி இது: "ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். இரண்டாம் பியூசியில் (பன்னிரண்டாம் வகுப்பு) பி.சி.எம்.சி. (இயற்பியல், வேதியியல், கணிதம், கம்ப்யூட்டர் சயன்ஸ்) எடுத்துப் படித்தேன். கணிதத்தில் 47தான் வந்தது, மற்ற பாடங்கள் பரவாயில்லை. பைத்தானில் கொஞ்சம் புரோகிராம் எழுதுவேன், பிடித்தும் இருக்கிறது. கணக்கு வராதவன் பி.இ. சி.எஸ். பக்கம் போனால் மூன்றாவது செமஸ்டரில் நின்றுவிடுவான், பி.சி.ஏ. போதும் என்கிறார் மாமா. என்ன செய்யலாம்?"

சேரலாம். ஆனால் முதல் வகுப்பு தொடங்கும் முன்பே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். மாமாவின் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். முதலாண்டுக் கணிதத் தாளில் விழுந்து, அதைச் சுமந்துகொண்டே போகிறவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் வகையீட்டிலோ தொகையிடலிலோ அல்ல. சூத்திரம் சரியாக எழுதியிருப்பார்கள், இரண்டாவது வரியில் கழித்தல் குறி தொலைந்திருக்கும், நான்காவது வரியில் பின்னம் தப்பாகக் கூட்டப்பட்டிருக்கும். 'கணக்கு வராது' என்பது பலருக்கு ஏழாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில் எங்கோ விட்டுப்போன மூன்று நான்கு விஷயங்கள்தான். அவற்றைச் சரிசெய்யாமல் மேலே எவ்வளவு ட்யூஷன் வைத்தாலும் ஓட்டை வாளியில் தண்ணீர் பிடித்த கதைதான்.

எங்கே விட்டுப்போனது என்று பார்க்க, கால்குலேட்டர் இல்லாமல் பதினைந்து நிமிடத்தில் இவற்றைப் போட்டுப் பாருங்கள். முக்காலிலிருந்து 5/6-ஐக் கழித்தால் என்ன? −3² + (−3)² எவ்வளவு? (5+3)² − 5² − 3² எவ்வளவு? ஓர் எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 7-ஐக் கழித்தால், அதே எண்ணின் இரண்டு மடங்கோடு 5 கூட்டியதற்குச் சமம், அந்த எண் எது? 2³ × 2⁵ ÷ 2⁶ எவ்வளவு? 2-ஐ அடிமானமாகக் கொண்ட 64-இன் மடக்கை என்ன? ஐந்து பேரில் இருவரை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்? விடைகள் வரிசையாக −1/12, 0, 30, 12, 4, 6, 10. முதல் நான்கில் ஒன்று தவறினாலும் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வெட்கப்படாதீர்கள். கடைசி மூன்று மட்டும் தவறினால் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நல்லதே, மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

அடுத்து, கம்ப்யூட்டர் சயன்ஸில் கணிதம் இரண்டு வகை என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பட்டம் வாங்கத் தேற வேண்டிய கணிதம்: வளைவரைகள், பகுதி வகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர் கால்குலஸ். இன்னொன்று, துறைக்கே அடித்தளமான கணிதம்: தர்க்கம், கணங்கள், எண்ணும் முறைகள், தொகுத்தறிதல், கிராஃப், நிகழ்தகவு, அணிகள். இரண்டாவதில் பெரும்பகுதிக்கு பியூசி கால்குலஸ் தேவைப்படாது. இந்த இரண்டாவது வகையைச் சொல்லித்தரும் டிஸ்க்ரீட் மேத்ஸ் வகுப்பில், பியூசியில் 95 வாங்கியவரும் 47 வாங்கியவரும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில்தான் நிற்பார்கள். அதில் வரும் நிரூபண முறைகளுக்கு நுழைவுத் தேர்வுக் கோச்சிங் யாரையும் தயார் செய்வதில்லை.

இந்த இரண்டாவது வகை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். வங்கி இணையதளங்களின் பாதுகாப்பில் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியக் குறியீட்டு முறையைச் சின்ன எண்களில் போட்டுப் பாருங்கள். 3, 11 என்று இரண்டு பகா எண்கள், பெருக்கினால் 33. இரண்டிலும் ஒவ்வொன்றைக் குறைத்துப் பெருக்கினால் 2 × 10 = 20. பூட்டும் சாவி 3, திறக்கும் சாவி 7. இரண்டையும் பெருக்கினால் 21, அதை 20-ஆல் வகுத்தால் மீதி 1, அதனால்தான் அந்த ஜோடி. அனுப்ப வேண்டிய செய்தி 4. நான்கின் கனம் 64, அதை 33-ஆல் வகுத்தால் மீதி 31. அதுதான் பூட்டிய செய்தி. திறக்க 31-ஐ ஏழு முறை பெருக்க வேண்டும். இங்கேதான் பலர் கால்குலேட்டரைத் தேடுகிறார்கள். 31 − 33 = −2, அதனால் 33-ஆல் வகுத்து மீதி பார்க்கும்போது 31-ம் −2-ம் ஒன்றே. −2-ஐ ஏழு முறை பெருக்கினால் −128. அதோடு 33-இன் நான்கு மடங்கான 132-ஐக் கூட்டினால் 4. அனுப்பிய செய்தி திரும்பி வந்துவிட்டது. இதில் பயன்பட்டவை பெருக்கல், மீதி, குறை எண். பத்தாம் வகுப்பைத் தாண்டிய எதுவும் இல்லை. இதே கணக்கு வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) 2022 பாடத்திட்டத்தின் முதல் செமஸ்டர் தாளிலும் உண்டு.

வி.டி.யு. என்றதும் மதிப்பெண் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரின் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் பெலகாவியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 2022 ஸ்கீமில், அதாவது பாடத்திட்டத்தில், சி.எஸ். பிரிவுகளுக்கு முதல் இரண்டு செமஸ்டரில் தலா ஒரு கணிதத் தாள், மூன்றாவதில் நிகழ்தகவும் புள்ளியியலும் கொண்ட ஒரு தாள். ஒவ்வொன்றிலும் ஐந்து மாட்யூல், அதாவது பாடப் பகுதிகள். செமஸ்டர் தேர்வு 100-க்கு நடக்கும், மாட்யூலுக்கு இரண்டு முழுக் கேள்விகள் தந்து ஒன்றை எழுதச் சொல்வார்கள், ஒவ்வொன்றும் 20 மதிப்பெண். அந்த 100 பிறகு 50-ஆகக் குறைக்கப்படும். கல்லூரி உள் மதிப்பீடு இன்னொரு 50. தேற, உள் மதிப்பீட்டில் குறைந்தது 20, செமஸ்டர் தேர்வில் 18, இரண்டும் சேர்ந்து 40 வேண்டும்.

இப்போது அந்த 2022 ஸ்கீமின் முதல் செமஸ்டர் தாளைப் பாருங்கள். முதல் மாட்யூல் போலார் வளைவரைகள், இரண்டாவது தொடர் விரிவும் பகுதி வகையீடும், மூன்றாவது வகைக்கெழுச் சமன்பாடுகள். நான்காவது மட்டு எண்கணிதம் (ஆர்.எஸ்.ஏ.வில் பார்த்த மீதிக் கணக்கு), ஐந்தாவது அணிகள். கடைசி இரண்டிலும் கால்குலஸ் வாசனையே கிடையாது. அந்த இரண்டை முழுதாக எழுதினாலே 100-க்கு 40. மூன்றாவது மாட்யூலில் பாதி தெரிந்தால் 50-ஐத் தொடலாம். ஆகவே அடித்தளம் பலவீனமானவர்கள் பாடத்திட்ட வரிசைப்படி படிக்காமல் ஐந்து, நான்கு, மூன்று என்று பின்னாலிருந்து வர வேண்டும். வகுப்பில் முதல் மாட்யூல் நடக்கும்போதே வீட்டில் ஐந்தாவதைத் தொடங்கிவிடுங்கள். முதல் இரண்டை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. உள் தேர்வுகள் மாட்யூல் வரிசையில்தான் வரும், அங்கே 20-க்குக் கீழே போனால் செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. உள் மதிப்பீட்டில் 35-க்கு மேல் சேர்த்துவைத்தால் கடைசித் தேர்வில் கை நடுங்காது. அசைன்மென்டைக் காப்பி அடிக்காமல் தானே போடுவது இதற்காகத்தான், ஒழுக்கத்துக்காக இல்லை.

ஸ்கீம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், 2025-இலும் மாறியது. நீங்கள் சேரும் ஆண்டின் சிலபஸை வி.டி.யு. இணையதளத்தில் இறக்கி, மாட்யூல்கள் எப்படி இடம் மாறியிருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் ஆட்டானமஸ் கல்லூரிகளில் தாள் அமைப்பும் வேறாக இருக்கும், ஆனால் 'கால்குலஸ் இல்லாத பகுதியை முதலில் கைப்பற்று' என்ற கணக்கு அங்கேயும் செல்லும்.

அணிகள் மாட்யூலில் மதிப்பெண் எங்கே போகிறது என்பதையும் காட்டிவிடுகிறேன். முதல் வரிசை 2, 3 என்று தொடங்குகிறது, இரண்டாவது வரிசை 3, 5 என்று. இரண்டாவதின் முதல் எண்ணைப் பூச்சியமாக்க வேண்டும். புத்தகம் முதல் வரிசையின் ஒன்றரை மடங்கைக் கழிக்கச் சொல்லும். உடனே பின்னம் உள்ளே வந்துவிடும், மூன்றாவது வரிசைக்குப் போவதற்குள் 7/4, 11/6 என்று கூட்டம் சேர்ந்துவிடும். அதற்குப் பதிலாக இரண்டாவது வரிசையின் இரண்டு மடங்கிலிருந்து முதல் வரிசையின் மூன்று மடங்கைக் கழியுங்கள்: 6 − 6 = 0, 10 − 9 = 1. பின்னமே வரவில்லை. ரேங்க் காணவும் சமன்பாடுகளைத் தீர்க்கவும் இது முழுக்கச் சரியான வழி. சமன்பாடு என்றால் வலது பக்க எண்ணையும் அதே மாதிரி மாற்ற மறக்கக்கூடாது. அணிக்கோவையின் மதிப்பைக் காணும் கணக்கில் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், வரிசையை 2-ஆல் பெருக்கினால் மதிப்பும் இரட்டிப்பாகிவிடும்.

சூத்திரம் சந்தேகமாக இருக்கும்போது சின்ன எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். கூட்டலின் வர்க்கம் வர்க்கங்களின் கூட்டல்தானா? 3, 4 போடுங்கள்: 49-ம் 25-ம் ஒன்றில்லை. கூட்டலின் மடக்கை, மடக்கைகளின் கூட்டலா? அடிமானம் 2 வைத்து 4-ஐயும் 4-ஐயும் போடுங்கள்: 8-இன் மடக்கை 3, தனித்தனியே கூட்டினால் 2 + 2 = 4. பத்து வினாடி வேலை, ஆறு மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

பியூசி தேர்வுக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையே கிடைக்கும் பத்து வாரம்தான் உண்மையான வாய்ப்பு. தினமும் ஒன்றரை மணி நேரம் போதும், நாலு மணி நேரம் என்று ஆரம்பித்து ஐந்தாவது நாளில் விட்டுவிடுவதைவிட மேல். இருபது நிமிடம் பாடம், ஒரு மணி நேரம் கணக்கு, கடைசிப் பத்து நிமிடம் தவறு நோட்டு. அந்த நோட்டில் முழுக் கணக்கை எழுத வேண்டாம். 'அடைப்பைத் திறக்கும்போது இரண்டாவது உறுப்பின் குறியை மாற்றவில்லை' என்று ஒரு வரி. இரண்டு வாரத்தில் அதே வரி எட்டு முறை வந்திருப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் கணிதப் பலவீனம் என்பதே அந்த எட்டு வரிதான்.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்றால் தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பயன்படுத்துங்கள், பி.டி.எஃப். இலவசம், தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். முதல் மூன்று வாரம் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பின்னம், குறை எண், இயற்கணிதம். அடுத்த இரண்டு வாரம் அடுக்குகளும் மடக்கையும். பிறகு பத்தாம் வகுப்பின் முதல் இரண்டு அத்தியாயங்கள்: உறவுகளும் சார்புகளும் ஒன்று, யூக்ளிடின் வகுத்தல் முறையும் மட்டு எண்கணிதமும் வருவது இன்னொன்று. வி.டி.யு. நான்காம் மாட்யூலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் வரிசைமாற்றம், சேர்வு, தொகுத்தறிதல் வரும் நான்காவது அத்தியாயத்துக்கு இரண்டு வாரம். அணிகளுக்கு ஒரு வாரம். நேரம் மிச்சமிருந்தால் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி அத்தியாயம் டிஸ்க்ரீட் மேத்ஸ்தான், தர்க்கப் பகுதியைப் படித்துவிடுங்கள். அச்சுப் புத்தகம்தான் வேண்டுமென்றால் அவென்யூ ரோட்டில் பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் கிடைக்கும். வீட்டில் உட்கார இடமில்லை என்றால் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தமிழ்வழியில் படித்து பெங்களூர் வந்து சேர்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. அணி என்று படித்ததே மேட்ரிக்ஸ், மடக்கைதான் லாகரிதம், சார்புதான் ஃபங்க்ஷன், வகைக்கெழு டெரிவேட்டிவ், நிகழ்தகவு ப்ராபபிலிட்டி. இப்படி அறுபது எழுபது சொற்களை இரண்டு பத்தியாக எழுதி நோட்டின் உள் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். தெரிந்த விஷயத்தையே தெரியாதது என்று நினைத்து முதல் மாதம் பயந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

தர்க்கத்தில் தமிழ் நமக்கு ஒரு பொறி வைத்திருக்கிறது. 'எல்லாரும் வரவில்லை' என்று வீட்டில் சொன்னால் யாருமே வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர்தான் வந்தார்கள் என்றும் கொள்ளலாம். பேச்சில் தொனியை வைத்துப் புரிந்துகொள்கிறோம். தேர்வில் 'எல்லாரும் வந்தார்கள்' என்பதன் மறுப்பு ஒன்றே ஒன்றுதான்: 'ஒருவராவது வரவில்லை'. யாருமே வரவில்லை என்று எழுதினால் தப்பு. நிரூபணங்களிலும், ஐந்தாவது செமஸ்டரில் தியரி ஆஃப் கம்ப்யூடேஷனில் வரும் பம்பிங் லெம்மாவிலும் மாணவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். மறுப்பு எழுதும்போதெல்லாம் 'எல்லா' என்பதை 'ஒன்றாவது' என்றும், 'ஒன்றாவது' என்பதை 'எல்லா' என்றும் மாற்றி, பிறகு வினையை மறுக்கப் பழகுங்கள்.

நான்காவது செமஸ்டர் அல்காரிதம் பாடத்தில் அதிகம் தேவைப்படுவது கூட்டுத்தொகையும் மடக்கையும். அகர வரிசைப்படுத்திய பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைப் பாதி பாதியாக வெட்டித் தேடினால் இருபது ஒப்பீடு போதும், 2-இன் இருபதாவது அடுக்கு 10,48,576 என்பதால். அதே பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை இருக்கிறதா என்று ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தால்? ஆயிரம் பெயருக்கு 1000 × 999 ÷ 2, அதாவது 4,99,500 ஒப்பீடு. ஒரு லட்சம் பெயருக்குக் கிட்டத்தட்ட 500 கோடி. முதல் புரோகிராம் கண்ணிமைப்பதற்குள் முடிவதும் இரண்டாவது தொங்கி நிற்பதும் இதனால்தான். பைத்தான் எழுதத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வசதி. சூத்திரத்தை நம்பாவிட்டால் லூப்புக்குள் ஓர் எண்ணியை வைத்து ஓட்டிப் பார்த்துவிடலாம்.

நெட்வொர்க்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் ஆகியவற்றில் கணிதம் இரண்டின் அடுக்குகளோடும் கணங்களோடும் பெரும்பாலும் நின்றுவிடும். கேம்பஸ் தேர்வின் ஆப்டிட்யூட் சுற்று சதவீதம், விகிதம், வேலை-நேரம் என்று பள்ளிக் கணக்குதான்.

கிளை தேர்வு பற்றி ஓர் எச்சரிக்கை. சி.எஸ். கிடைக்கவில்லை, ஏ.ஐ.-எம்.எல். கிடைத்தது, அதில் கணக்கு குறைவாக இருக்கும் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் உண்டு. நேர்மாறு. முதலாண்டுக் கணிதம் இரண்டுக்கும் ஒன்றே, பிறகு நிகழ்தகவும் அணிகளும் அங்கேதான் கூடுதல். கணிதத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவருக்குச் சாதாரண சி.எஸ்.இ. அல்லது ஐ.எஸ்.இ. (இன்ஃபர்மேஷன் சயன்ஸ்) மேல்.

சீட் விஷயத்தில் பலவீனம் இரண்டு முறை அடிக்கும். கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான கே.சி.இ.டி.யின் ரேங்கில் பாதி பியூசியின் இயற்பியல், வேதியியல், கணித மதிப்பெண், மீதிப் பாதி நுழைவுத் தேர்வு. இரண்டிலும் கணிதம் இருக்கிறது. நுழைவுத் தேர்வில் பாடத்துக்கு 60 கேள்விகள், 80 நிமிடம், தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ரேங்க் பின்னால் போய், பெரிய தொகை கொடுத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சி.எஸ். வாங்கும் யோசனை வீட்டில் எழுந்தால், மேலே சொன்ன பத்து வாரத்தை முடித்தபின் அதே ஏழு கேள்விகளையும் எண்களை மாற்றி மறுபடி போட்டுவிட்டுப் பேசுங்கள். பணம் கட்டிய பிறகு பின்னம் கற்றுக்கொள்ளலாம் என்பது ஆபத்தான வரிசை.

மாமா சொல்லும் பி.சி.ஏ. மட்டமான வழியில்லை. பியூசியில் செபா (கம்ப்யூட்டர், பொருளியல், வணிகம், கணக்கியல்) மாதிரிக் கணிதமே இல்லாத பிரிவு எடுத்தவர்களுக்கு பி.இ. கதவு திறக்காது, அவர்களுக்கு நல்ல வழி அதுதான். அங்கேயும் டிஸ்க்ரீட் மேத்ஸ், புள்ளியியல் போன்ற தாள்கள் வரும், எனவே கணிதத்திலிருந்து தப்பித்துவிடலாம் என்று அங்கே போக வேண்டாம். எம்.சி.ஏ. சேரும்போது பன்னிரண்டாவதிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்கிறீர்களா என்று பல இடங்களில் கேட்பார்கள். கணிதத் தாள் இருக்கும் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள். வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. உண்டு, பன்னிரண்டாவதில் கணிதம் கட்டாயமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்புக்கு, பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாவது தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடம் நடத்தி, அதன்மேல் தகுதித் தேர்வு வைப்பார்கள். அதில் கணிதமும் புள்ளியியலும் தனித்தனிப் பாடங்கள். உங்கள் நிலை எது என்று உரசிப் பார்க்கவும் அந்த நான்கு வாரம் உதவும்.

உங்கள் விஷயத்தில் கணிதம் இருக்கிறது, புரோகிராமிங் பிடிக்கிறது, பி.இ. சேரத் தேவையான 45 சதவீதத் தகுதிக்கும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று தோன்றுகிறது. பி.இ. முயலுங்கள் என்பதே என் பக்கம்.

அப்படியும் முதல் செமஸ்டர் கணிதத்தில் பேக் விழலாம், நம்மூரில் அரியர் என்பதைத்தான் இங்கே பேக் என்கிறார்கள். விழுந்தால் உடனே மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்குங்கள். சிவப்புக் கோடுகளைத் தவறு நோட்டோடு ஒப்பிடுங்கள். ஏதாவது பக்கம் திருத்தப்படாமல் இருந்தாலோ கூட்டலில் பிழை இருந்தாலோ மட்டும் மறுமதிப்பீடு. இல்லையென்றால் எந்த மாட்யூலில் 20-க்கு எவ்வளவு வந்தது என்று குறித்து, 12-க்கு மேல் வந்தவற்றை முதலில் 18-ஆக உயர்த்தப் பாருங்கள். 2 வந்த மாட்யூலை 8 ஆக்குவதைவிட அது சீக்கிரம் நடக்கும். இரண்டாவது செமஸ்டர் கணிதத்தோடு சேர்த்து அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள், மூன்றாவதில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் நிகழ்தகவும் ஒன்றாக வரும்போது பழைய தாளுக்கு நேரம் கிடைக்காது.